அரிசி டின்னில் புதைத்த மாத்திரைகள்

பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை என் மகள் கவிதா கொளுத்தியபோது அவளுக்குப் பதினாறு வயது. அதற்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள்.

ஜாமீனில் வந்தாள். தீர்ப்புக்கு முன் அறிக்கை எழுத, மலேசியாவின் லூனாஸில் எங்கள் வீட்டுக்கு நன்னடத்தை அதிகாரி வந்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வதுபோல வீட்டைக் கழுவி, புதுத் திரை மாட்டியிருந்தேன். மனநல மருத்துவர் அவளுக்குக் கொடுத்த மாத்திரைகளை அரிசி டின்னுக்குள் புதைத்திருந்தேன்.

“பிள்ளைக்கு ஏதாச்சும் சீக்கு இருக்காக்கா?”

“ஒண்ணும் இல்லலா, மிஸ். கூட்டாளிங்க கெடுத்துட்டாங்க.”

கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தியம் என்று பெயர் வந்துவிட்டால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள் என்றுதான் பயந்தேன்.

அவளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதல்முறை பார்க்கப் போனபோது மாத்திரைகளையும் கொண்டுபோனேன். அறிக்கையில் நோய் எதுவும் இல்லையே என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அப்புறம் ஏன் இன்னும் கேக்குது?”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.