போர்வைக்கு அடியில்

டிப்போவில் எல்லோருக்கும் அவள் 'விசில்'. கண்டக்டர். கூட்டத்தைச் சாக்கு வைத்து உரசுகிறவனை நடுவழியில் இறக்கிவிட்டுத்தான் அடுத்த டிக்கெட் கிழிப்பாள். அவள் வாயைத் திறந்தால் ஹாரனுக்கு வேலையில்லை. அந்த பஸ்ஸின் டிரைவர் நான், எனக்குத் தெரியாதா?

அப்பேர்ப்பட்டவளை ஆஸ்பத்திரியில் ஒரு கம்பளி கவிழ்த்துவிட்டது. அவளே சொல்லிக் கேட்டேன். 

புற்றுநோய்க்கு வலது மார்பை எடுத்துவிட்டு, அடிவயிற்றுச் சதையை வைத்துப் புதிதாகத் தைத்திருந்தார்கள். ரத்தம் ஓடினால் அது பிழைக்கும், இல்லாவிட்டால் அழுகும். மரத்துப்போன சதை, வலித்துக் காட்டிக்கொடுக்காது. அதற்காகத்தான் சூட்டைப் படமெடுக்கும் கேமரா. ரத்தம் ஓடும் இடம் திரையில் சிவப்பு, ஓடாத இடம் நீலம். எடுக்கும் முன் மார்பைக் கொஞ்ச நேரம் காற்றாடத் திறந்து வைக்க வேண்டும். மூடிக்கிடந்தால் கம்பளிச் சூட்டில் எல்லாமே சிவப்பாகிவிடும். இதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

கேமராக்காரன் ஆண். அவன் வருவானே என்று, துணைக்கு இருந்த அவள் அக்கா காலையிலிருந்தே கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி வைத்திருப்பாள். திறந்து வையுங்கள் என்று சொல்ல வேண்டியவனுக்கோ கூச்சம்.

"சட்டுனு எடுத்துடறேம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கம்பளியை விலக்கி ஒரு படம். சிவப்பு. "நல்லா இருக்கு." மறுநாளும் அதே கூத்து. படித்துப் பட்டம் வாங்கி என்ன புண்ணியம்?

அடுத்த நாள் அவன் லீவு. கேமராவோடு வந்த நர்ஸ் வாசலிலேயே கத்தினாள்.

"யாரு இதைப் போர்த்தினது? மூடியிருந்தா படம் பொய் சொல்லும்னு உங்களுக்குச் சொல்லலையா?"

"ஆம்பளை வந்து போற எடம்..." என்று அக்கா முனகினாள்.

விசில் கம்பளியைச் சுருட்டி எறிந்தாள். "பஸ்ல கண்டவனும் இடிச்சுட்டுப் போனப்போ எவளும் எனக்குப் போர்வை கொண்டுவரல. வைத்தியம் பாக்குறப்பதான் உங்களுக்கு வெக்கம் வருதா?"

ஆறவிட்டு எடுத்த படத்தில், புது மார்பின் கீழ்ப்பாதி முழுக்க நீலம். முதல் நாளே தெரிந்திருந்தால் ரத்தக்குழாயைச் சரிசெய்து காப்பாற்றியிருக்கலாமாம். டாக்டர் சொன்னார். அன்றைக்கே பாதியை வெட்டி எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்தபோது அக்கா தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தாள். "உன் மானத்தைக் காப்பாத்தத்தான்டி போர்த்தினேன்."

"மானத்துக்கு ஒண்ணும் ஆகலக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றாள் விசில். "சதைதான் செத்துப்போச்சு."