உப்பு குறைந்த சேதி

முசரவாக்கத்தில் வார்டு மெம்பர் அம்சாவின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் காலிக் குடத்தோடு உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர் வந்த சேதி கேட்டுத்தான் எழுந்திருப்பாள். வீட்டிலும் அதே அதிகாரம்தான். புருஷன் பூவராகவன் பெரிய காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பரம சாது.

அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரு வார்த்தையைக் கேட்டால் பயம்: உப்பு. அவளுடைய அண்ணன் சிட்டிபாபு கிட்னி கெட்டுச் செத்துப்போனவர். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் 'உப்பு ஏறியிருக்கு' என்பார்கள். ஏறிக்கொண்டே போய் ஒருநாள் ஆளையே கொண்டுபோய்விட்டது. அதனால் பூவராகவனுக்கு பிரஷர் என்று டாக்டர் சிறுநீரை அதிகம் போகவைக்கிற தண்ணி மாத்திரை எழுதி, உப்பைக் குறைக்கச் சொன்னதும், அம்சா குறைப்பதோடு நிற்கவில்லை. உப்பு ஜாடியையே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். நிறையத் தண்ணீர் குடித்தால் உடம்பில் இருக்கிற உப்பும் கரைந்து போகும் என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டு, ஆட்டோவில் பாட்டில் பாட்டிலாக ஏற்றி அனுப்பினாள். ஒரு சிட்டிகை போடேன் என்று தட்டின் முன்னால் அவர் கெஞ்சாத நாள் இல்லை. அவள் அசைந்து கொடுக்கவில்லை.

கோடையில் மனுஷர் துவண்டு போனார். குமட்டல், தலைவலி, நடையில் தள்ளாட்டம். எல்லாம் வெயில் செய்கிற வேலை என்று இன்னும் தண்ணீரை ஊற்றினாள். எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் பார்க்கக் கொடுத்தபோது, லேபிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, உப்பு ரொம்பக் குறைந்திருக்கிறது, உடனே டாக்டரைப் பாருங்கள் என்றாள். அம்சாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்கு ஏறியது புருஷனுக்கு இறங்கிவிட்டதே! கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

கடைசிக் கிண்ணத்தைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுந்து கைகூப்பினார்.

"நீங்க யாரு வூட்டும்மா?"

அம்சாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேடிக்கை பண்ணுகிற மனுஷரும் இல்லை. அவள் வாய் திறப்பதற்குள் அவருடைய கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரியதர்ஷினி எல்லாவற்றையும் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்கு ஏறுனது ரத்தத்துல தங்குற கழிவும்மா. அதுக்கும் நம்ம ஊர்ல உப்புன்னே பேரு வெச்சிட்டோம். இவருக்குக் கொறஞ்சது சாப்பாட்டு உப்பு."

உடம்பு தண்ணீரையும் உப்பையும் ஒரு அளவில் பிடித்து வைத்திருக்கிறது. மாத்திரை உப்பை வெளியேற்ற, சாப்பாட்டிலும் அது வராமல் போக, குடித்த தண்ணீர் மட்டும் மிஞ்சி மூளைக்குள் இறங்கி, அதை வீங்க வைத்துவிட்டதாம். விஷம் வைத்தவள்கூட இத்தனை பாசமாக ஊட்டியிருக்க மாட்டாள் என்று அம்சா தன்னையே திட்டித் தீர்த்தாள். அப்படியானால் இப்போதே நிறைய ஏற்றுங்கள் என்று டாக்டரின் கையைப் பிடித்தாள். அதுவும் கூடாதாம், சட்டென்று ஏற்றினால் மூளை நரம்பு கெட்டுப்போகும், சொட்டுச் சொட்டாகத்தான் கொண்டுவர வேண்டும்.

"என்னய அவருக்கு அடையாளம் தெரியுமா டாக்டரம்மா?"

பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார் டாக்டர். ஊரையே உருட்டி மிரட்டியவள் வராந்தாவில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள்.

சில நாள் கழித்துப் பூவராகவன் எழுந்து உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். தெரிந்துதான் பார்க்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. வார்டைச் சுற்றி வந்த வேறொரு டாக்டரம்மா, உப்பை அடியோடு நிறுத்தியது யார் என்று கொஞ்சம் கோபமாகவே அவரைக் கேட்டார். அம்சா தலைகுனிந்து நின்றாள்.

"நான்தாம்மா வேணான்னுட்டேன்," என்றார் அவர் மெதுவாக. "அம்சா போட்டா தட்டயே தள்ளி வெச்சிடுவேன். அவ மேல தப்பில்ல."

பச்சைப் பொய். அதை யோசித்து, அவளுக்காகச் சொல்கிற அளவுக்கு அவருக்குப் புத்தி திரும்பியிருந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, மெம்பரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.