காலிக் கட்டத்துக்கு ஒரு வரி

அலுவலகத்தில் அவனை டெம்ப்ளேட் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து டெம்ப்ளேட் அண்ணன் என்பார்கள். வரன் பார்த்துக் கொடுக்கும் இணையதளம் ஒன்றில், அது ஆரம்பித்த நாளிலிருந்து வேலை பார்க்கிறான். மூன்றாவது மாடியில் கழிப்பறையை ஒட்டிய நாற்காலி அவனுடையது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வரன் பக்கம் போட்டுக் கொடுத்தவனுக்கு நாற்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை. கழிப்பறைக்குப் போகிறவர்கள் இதைச் சொல்லிப் போகும்போது ஒருமுறையும் வரும்போது ஒருமுறையும் சிரித்துக்கொள்வார்கள்.

அவன் வேலை இதுதான். பதிவு செய்கிறவர்கள் பெயர், வயது, உயரம், வேலை, பிடித்த விஷயம் என்று கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். அந்த விவரங்களை வாங்கிப் பக்கமாக்குவதற்கென்றே ஒரு டெம்ப்ளேட் நூலகம் இருக்கிறது. அலமாரியும் புத்தகமும் உள்ள நூலகம் அல்ல. யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்த நிரல்களின் மூட்டை. இவன் ஒரே ஒரு மாதிரிப் பக்கம் எழுதி, இங்கே பெயர் வரும், இங்கே உயரம் வரும் என்று இடம் விட்டு வைத்தால் போதும், எத்தனை பேர் வந்தாலும் அது பக்கம் போட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கும். மனிதர்கள் பார்ப்பதற்கு எச்.டி.எம்.எல். பக்கம், கூட்டாளி நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் படிப்பதற்கு எக்ஸ்.எம்.எல். கோப்பு. ஒரே பெண் இரண்டு உடுப்பில் போய் நிற்பாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நூலகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பக்கமே வராது. தளம் திறப்பதற்கு முந்தின நாள் பார்த்தால், பாதிப் பெண்கள் 'பிடித்த விஷயம்' என்ற கட்டத்தைத் தொடவே இல்லை. முதலாளி அவன் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏதாவது போட்டு ஓட்டய்யா, யார் படிக்கப்போகிறார்கள் என்றார். அன்று அந்த மாடி ஒரே சந்தைக்கடை. இவனுக்குக் கொஞ்சம் அமைதி கிடைத்தால் போதும் என்றிருந்தது. காலியாக இருந்தால் இதைப் போடு என்று சொல்லி ஒரு வரி எழுதினான்: 'இன்னொருவருடன் பேசாமல் உட்கார்ந்திருக்கப் பிடிக்கும்.' நூலகம் சமாதானமாயிற்று. தளம் திறந்தது, முதலாளி மாலை போட்டுக்கொண்டார். இவன் அந்த வரியைச் சுத்தமாக மறந்துபோனான்.

வருடங்கள் ஓடின. அவன் மாடி அறையில் குடியிருந்தான். கீழே அக்காவும் அத்தானும். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் படியேறி வந்து, துணி துவைக்கிற சாக்கில் கல்யாணப் பேச்சை எடுப்பாள். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒருநாள் அத்தானும் கூடவே வந்து, வாசலில் நின்றபடி, இவன் இப்படியே போனால் கடைசியில் நம் தலையில்தான் என்று அக்காவிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவன் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக. அது சுருக்கென்று தைத்தது. அன்றே தன் தளத்திலேயே தனக்கும் ஒரு பதிவு போட்டுப் பெண்களின் பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றான். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. முப்பத்தாறு வயது. படத்தில் சிரிப்பில்லை, நேராகப் பார்க்கிறாள். கீழே, பிடித்த விஷயம் என்ற இடத்தில்: இன்னொருவருடன் பேசாமல் உட்கார்ந்திருக்கப் பிடிக்கும்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன் மனதுக்குள் புகுந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது. இப்படி ஒருத்தி இத்தனை நாளாக இதே ஊரில் இருந்திருக்கிறாளே என்று நெகிழ்ந்தான். அதற்குப் பக்கத்துப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அங்கேயும் அதே வரி, அதற்கடுத்ததிலும் அதே வரி. ஆனால் மனசு நின்ற பிறகு யார் பக்கம் புரட்டுகிறார்கள்? கண்ணாடியில் தெரிகிற ஆளைப் பார்த்து, அடடா நம்மைப் போலவே ஒருவர் என்று கைகொடுக்கப் போனான் நம் ஆள்.

சந்திக்க நாள் குறித்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. மாடியில் நாலைந்து மேசைகள். அவள் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. வேலையிலிருந்து நேராக வந்ததாகவும், அது பல் அச்செடுக்கும் மாவு என்றும் அவளே சொன்னாள். அவன் புன்னகை செய்தான். பேசவில்லை. பேசினால் அவளுக்குப் பிடிக்காதே. அவள் டீ சொல்லிவிட்டு, மழை வருமா, வழி கண்டுபிடிக்கச் சிரமமா என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். பாவம், நமக்காகக் கஷ்டப்பட்டுப் பேசுகிறாள் என்று இவன் உருகி, ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். டீ ஆறி ஏடு கட்டியது. இவ்வளவு நிறைவாக யாருடனும் உட்கார்ந்ததில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "என்னைப் பாத்தா யாருக்குமே பேசத் தோணாதா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசாமல் இருக்கத்தானே பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி, போனை எடுத்துக் காட்டினான். அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். தன் பக்கம் தன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் உள்ளே நுழைந்தால் வருவது நிரப்புகிற கட்டங்கள்தான். அதில் அந்த இடம் காலியாகவே இருக்கும். அடுத்தவர் கண்ணுக்கு மட்டும்தான் அந்த வரி.

"இத நான் எழுதல. அந்த எடத்த நான் சும்மாதான் விட்டேன். எனக்குப் பிடிச்சதெல்லாம் அவ்ளோ சின்னக் கட்டத்துல அடங்காதுன்னு, வர்றவர்கிட்ட நேர்ல சொல்லிக்கலாம்னு விட்டேன்."

காலியாக விட்டேன் என்று அவள் சொன்னதும் அவன் போனைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை இன்னொரு முறை படித்தான். சந்தைக்கடைபோல் இரைந்த மாடியும், கழுத்தில் உட்கார்ந்த முதலாளியும், தட்டிய வரியும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கம்பெனித் தவறு என்று சொல்லிப் பூசி மெழுகியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் அவளை இழப்பதைவிட, அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டு அந்தப் படியில் இறங்கிப் போவது அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். நூலகம், காலிக் கட்டம் எல்லாவற்றையும் குழந்தைக்குச் சொல்வதுபோல் விளக்கினான்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை பேர் வந்து எதிர்ல ஊமை மாதிரி உக்காந்துட்டுப் போனாங்க தெரியுமா? ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு, எது சரியில்லன்னு தேடியிருக்கேன். மூக்கா, பல்லா, என்னன்னு."

அவன் மன்னிப்பு என்று ஆரம்பித்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. தன் பக்கத்தில் மட்டும் எடுத்தால் போதாது, தன்னைப் போல எத்தனை பேர் கண்ணாடி முன்னால் நிற்கிறார்களோ, எல்லார் பக்கத்திலும் எடுத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேசலாம் என்றாள். வாருங்கள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அன்று வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் யாரையும் கேட்காமல் அந்த வரியை எடுத்தான். கட்டம் காலியென்றால் அதைக் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று நூலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தான். ஓர் இடத்தில் எடுத்தால் எல்லா இடத்திலும் போயிற்று. இந்த வித்தையின் அழகே அதுதான். கூடவே வேறொன்றும் போயிற்று. கூட்டாளி நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் எக்ஸ்.எம்.எல். கோப்பில் அந்தக் கட்டத்தைக் காணாமல் பாதிப் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. மதியத்துக்குள் முதலாளி மூன்றாவது மாடிக்கு வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அந்த வரிதான் நம்முடைய ஆகப் பிரபலமான வரி, ஆண்கள் அதற்காகவே வருகிறார்கள், அதை எழுதிய மகராசி யாரோ அவளுக்குக் கோயில் கட்டலாம் என்றார். மகராசி எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான்.

வேலை போய்விடும் என்று அவன் பையைக் கட்டி வைத்திருந்தான். போகவில்லை. காலி இடத்தைப் பார்த்த ஆண்களுக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. கேட்டுவிடலாம் என்று கட்டணம் கட்டிச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். முதலாளி குளிர்ந்துபோனார். வார இறுதிக்குள், காலியாக விடுவது தாம் பல நாளாக மனதில் வைத்திருந்த திட்டம் என்று கூட்டம் போட்டுச் சொல்லி, கூட்டாளிகளையும் சரிக்கட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இவனும் தட்டினான், மனசு நிறைந்துதான் தட்டினான்.

சனிக்கிழமை அவன் மேசைத் தொலைபேசிக்கு ஒரு பெண் பேசினாள். குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. அவன் மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்கவேண்டியிருந்தது. இந்தத் தளத்தின் வழியாகக் கல்யாணமானவள். கல்யாணமானவர்களின் பக்கத்தை நிறுவனம் எடுப்பதில்லை, எண்ணிக்கை குறைந்துவிடும் அல்லவா? கணவன் போனில் பார்த்தால் அவள் பக்கத்தில் ஒரு வரியைக் காணோமாம், திரும்பப் போட முடியுமா என்று கேட்டாள். அந்த வரி நீங்கள் எழுதியது இல்லையே என்று இவன் விளக்கத் தொடங்கினான்.

"தெரியும் சார். நான் எழுதல. ஆனா அவருக்கு அது தெரியாது. அந்த ஒரு வரிக்காகத்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்வார். நானும் மொதல்ல சொல்லிடலாம்னு நெனச்சேன். அப்புறம் அப்படியே பேசாம இருந்து பழகிடுச்சு. இன்னிக்கு விருந்தாளிங்க வர்றாங்க, அவங்களுக்குக் காட்டறேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள போட்டுடுங்க சார்."

முகம் தெரியாத அந்த வீட்டில் ஒருத்தி வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவன் தட்டிய ஒரு வரிக்காக. உங்களுக்கு நிஜமாகவே பிடித்தது என்னவோ அதைச் சொல்லுங்கள், அதையே போட்டுவிடுகிறேன் என்றான். மறுமுனையில் எங்கேயோ ஒரு குழாய் திறந்து மூடியது. அவன் காத்திருந்தான்.

"ஞாபகம் வரல சார்" என்றாள் அவள். "பழையதையே போட்டுடுங்க."

அவன் அவள் பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்த கட்டத்தில் அந்த வரியைத் தன் கையாலேயே தட்டினான். அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் டீக்கடை மாடியில் பல் செட் செய்கிறவள் அவனுக்கு முன்பே வந்திருந்தாள். உட்காரக்கூட விடாமல், எல்லார் பக்கத்துலயும் எடுத்தாச்சா என்று கேட்டாள்.

"எடுத்தாச்சு" என்றான்.