நிஷாவுக்கு வாங்கிய லக்கி பேம்பூ

இந்த ஊரில் குளிர்காலத்தில் செடி வாங்கினால், தலையோடு கால் காகிதம் சுற்றித்தான் கடையை விட்டு அனுப்புகிறார்கள். பஸ் நிறுத்தம் போவதற்குள் குளிரில் கருகிவிடுமாம். ஜெர்மனிக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில், போன மாதம்தான், முதன்முதலாக ஒரு செடி வாங்கினேன். லக்கி பேம்பூ. கடைக்காரப் பெண்மணி காகிதத்தை உருவிக்கொண்டே ஏதோ கேட்டார். பரிசா என்று கேட்பதாக நினைத்து, "யா, கிஃப்ட். என் மகளுக்கு" என்றேன். அவர் கை அப்படியே நின்றது. இவர்கள் மொழியில் கிஃப்ட் என்றால் விஷம். தெரிந்த சொல்தான், அவசரத்தில் நாக்கு ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அவரோ, பூனைக்குத்தான் இது விஷம், குழந்தை இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நிதானமாக விளக்கினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பேர்தான் மூங்கில், இது மூங்கில் சாதியே இல்லை. ஊரில் இப்போது செல்போன் கடை, பல் டாக்டர், எங்கே போனாலும் மேசைமேல் இருக்கிறது. திண்டிவனத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு இதை வாங்கிவந்தவர் என் கணவர் அந்தோணி, விழுப்புரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரிலிருந்து. அவர் ஏசி மெக்கானிக். நான் முகையூர்க்காரி, நர்ஸ். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தபோது, முதலில் நான் போவது, விசா வந்ததும் அவரும் நிஷாவும் வருவது என்று பேசிக்கொண்டோம். நிஷாவுக்கு அப்போது ஏழு வயது.

நான் கிளம்பிய பிறகு செடி அவர் பொறுப்பானது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலை நுனி காய்ந்துவிடும். "நாங்க குடிக்கிறது போர் தண்ணி, இதுக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்" என்று வீடியோவில் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தண்ணீர் மாற்றுவார், கூழாங்கற்களை நிஷா கழுவுவாள். ரொம்ப உயரமாகிச் சாய்ந்தபோது கணுவுக்கு மேலே வெட்டி, வெட்டின தண்டின் தலையில் மெழுகுவர்த்தி மெழுகைச் சொட்டி அடைத்தார். நுனியைத் தனியாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். சில வாரங்களில் அதன் அடியில் ஆரஞ்சு நிறத்தில் வேர். "அம்மா, மொளச்சிடுச்சி" என்று நிஷா போனை அதன்மேல் ஒட்டிப் பிடித்ததில், எனக்கு மங்கலாக ஒரு நிறம் மட்டும் தெரிந்தது.

விழுப்புரத்தில் வேலை முடித்து பைக்கில் திரும்பும்போது, விக்கிரவாண்டி தாண்டி அவர்மேல் லாரி மோதியது. அங்கேயே போய்விட்டார். நான் வந்து சேரும்வரை அவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். கண்ணாடிமேல் கை வைத்தபோது குளிர்ந்தது. இங்கே தினமும் பஸ்ஸில் தொடுகிற ஜன்னலின் அதே குளிர். அப்போது அழ வரவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துத்தான் செடியைப் பார்த்தேன். தண்ணீர் நாறியிருந்தது. தண்டுகள் அடியிலிருந்து மஞ்சளாகிவிட்டன. பாட்டிலில் வேர்விட்டிருந்த நுனியும் அழுகியிருந்தது. அவருடைய அக்கா, அமலி அண்ணி, என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "மஞ்சளானது மறுபடியும் பச்சையாவாது ஸ்டெல்லா. மேல கொஞ்சம் நல்லா இருக்குது பாரு" என்று, மஞ்சளை ஒட்ட விடாமல் பச்சைப் பாகத்தை மட்டும் நறுக்கி எடுத்து, புதுத் தண்ணீரில் போட்டு நிஷா கையில் கொடுத்தார். அண்ணிக்குக் குழந்தை இல்லை. விழுப்புரத்தில் அவர் வீட்டிலேயே நிஷாவை விட்டேன். லீவு முடிந்து நான் திரும்ப வேண்டியிருந்தது. நான் பஸ் ஏறும்போது பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நிஷா ஆட்டோவை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் விசாவுக்காக அலைந்தேன். போன மாதம் வந்தது. அன்று மாலையே கட்டில் வாங்கி நானே ஸ்க்ரூ முடுக்கினேன். மறுநாள் செடியை வாங்கி, ஜன்னலோரம் வைத்துவிட்டு போன் செய்தேன்.

"நான் வர்ல மா" என்றாள்.

புரியாதது போல, குளிருக்கு கோட் வாங்கிவிட்டேன், பள்ளிக்கூடம் பக்கம்தான் என்று பேசிக்கொண்டே போனேன்.

"அங்க யாரு இருக்காங்க? நீ டூட்டிக்குப் போயிடுவ. நான் இங்கியே இருக்கேன்."

அண்ணி போனை வாங்கினார். "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல ஸ்டெல்லா. நீயே வந்து கூட்டிக்கினு போ, நான் தடுக்க மாட்டேன்." அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். பொய்யாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று ஊரில் சுலபமாகச் சொல்வீர்கள். வந்தால் எந்த வீட்டுக்கு வருவது? திண்டிவனம் வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. அண்ணி வீட்டில் நான் விருந்தாளி.

முழுப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இப்போதைக்கு முடிவு. அப்புறமும் அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் பேசினோம். அங்கே சாயங்காலம். என் செடியைக் காட்டச் சொன்னாள். "ஹீட்டர்கிட்ட ஏம்மா வெச்சிருக்க? நுனி காயுது பாரு. தள்ளி வை" என்றாள். தள்ளி வைத்தேன். அவளுடையது இரண்டு புது இலை விட்டிருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே வெளியே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, தண்ணி வந்துடுச்சி" என்று கத்தினாள்.

"இன்னாம்மா?" என்று நான் இங்கிருந்து கேட்டேன். "தோ வர்றேன்" என்று அண்ணி சமையலறையிலிருந்து சொன்னார். நிஷா முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் பயந்த மாதிரி. "போ, போய் பிடி" என்றேன். போனைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். ஆளில்லாத அந்த அறையை, அவர்கள் குடம் நிரப்பி முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.