நெற்றியில் தைலம்

ஜாய்ஸ் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் பேசத் தெரியாதவள் ஒருத்தி இருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள். ஜாய்ஸைக் கேட்டால், "பேசத் தெரியாம இருந்தது நான்தாங்க" என்பாள்.

நாத்தனார் ஃபிளோராவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பதினெட்டு வயதுக்குள் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக அவிந்துபோனது. அதற்குப் பிறகு அவளிடம் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவளைப் பெற்ற சவரியம்மாள்தான். தொட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அத்தைதான் இருக்கிறாளே என்று ஜாய்ஸ் அதில் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் தை அறுவடையின்போது, சவரியம்மாள் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஜாய்ஸின் புருஷன் ரெமிஜியஸ் குவைத்தில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. வீடு கொள்ளாத கூட்டம். ஃபிளோரா சுவரைத் தடவித் தடவிக் கூடத்துப் பக்கம் வந்தாள்.

"பொணத்தத் தொட்டா மிரண்டுரும்டி. எங்க வூட்டுல வச்சிருக்கேன்" என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள்.

"அழைச்சிக்கிட்டுப் போங்கக்கா. அதுக்கு என்ன தெரியப்போவுது?"

சொன்னது ஜாய்ஸின் வாய்தான்.

மறுநாள் சாயந்திரம் செபமாலை முடிந்து மெழுகுவத்தியை அணைத்ததும், அந்தப் புகை வாசனைக்கு ஃபிளோரா எழுந்து வந்தாள். ஜாய்ஸின் கட்டைவிரலைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். தலைவலி போலிருக்கிறது என்று ஜாய்ஸ் தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டாள். ஃபிளோரா தலையை ஆட்டினாள், விரலைத் தட்டிவிட்டாள், மறுபடி இழுத்து வைத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. தைலம் காந்துகிறதாக்கும் என்று ஜாய்ஸ் நினைத்துக்கொண்டாள்.

தினமும் இதேதான். ரெமிஜியஸ் ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் டஜன் கணக்கில் தைலம் இருந்தது. ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தது. தலைவலி மட்டும் போகவில்லை. இப்படியே ஒன்பது வருஷம்.

அப்புறம்தான் கும்பகோணத்திலிருந்து ஹமீதா பானு வரத் தொடங்கினாள். காதும் கண்ணும் இல்லாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். ஃபிளோராவின் கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, சோறு, தண்ணீர், குளியல் என்று ஒவ்வொன்றாய்ப் பேசுவாள். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டுச் செபமாலை முடியும்வரை இருந்தாள்.

"என்னக்கா தேய்க்கிறீங்க?"

"தலவலிம்மா."

"தெனமும் இதே நேரத்துக்கா? கடியாரம் பாத்து வர்ற தலவலிய நான் கண்டதில்லக்கா. முன்னெல்லாம் இந்த நெத்திய யாரு தொடுவா?"

ஜாய்ஸின் கை அப்படியே நின்றது. தினமும் செபமாலை முடிந்து மெழுகுவத்தியை அணைத்ததும் அத்தை தன் மகள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவாள். மருமகளுக்கும் போட்டிருக்கிறாள்.

ஆண்டவரே என்று கையைத் துடைத்துக்கொண்டு, ஜாய்ஸ் அந்த நெற்றியில் சிலுவை போட்டாள். ஃபிளோரா அசையாமல் நின்றாள். பிறகு தன் இடது மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டினாள். நெல் அவித்தபோது சுட்ட தழும்பு அத்தைக்கு அங்கேதான் இருந்தது என்றாள் ஜாய்ஸ். ஃபிளோரா மறுபடி அங்கேயே தேய்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

"அம்மா எங்கன்னு கேக்குது. போயிட்டாங்கன்னு இதுக்கு யாருமே சொல்லலியாக்கா?"

ஞாயிறு பூசை முடிந்து ஜாய்ஸ் அவளைக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். சிமெண்டுத் திட்டின்மேல் அவள் கையை வைத்து, மணிக்கட்டைத் தேய்த்தாள். ஃபிளோரா நீளவாட்டில் தடவிப் பார்த்தாள். படுத்திருக்கிற ஆள் அளவு. உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலை சாய்த்தாள். தூங்குகிறாளா?

கோயிலில் நாமும் அப்படித்தானே சொல்கிறோம், துயில்கொள்கிறார்கள் என்று? ஜாய்ஸ் ஆமாம் என்று அவள் கையில் தட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் ஃபிளோரா அவளை இழுத்துக்கொண்டு கல்லறைக்குக் கிளம்பினாள். போய், தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் சிமெண்டைத் தட்டித் தட்டி எழுப்பினாள். அடுத்த நாளும் எழுப்பினாள். ஒரு வாரம்.

"தூங்குறாங்கன்னா எந்திரிப்பாங்கன்னுதானேக்கா அது நெனைக்கும்?" என்றாள் ஹமீதா பானு. "செத்த அன்னிக்கே அம்மாவ ஒரு தடவ தொட வுட்டிருந்தா அந்தச் சில்லிப்பே சொல்லியிருக்கும். கன்னுக்குட்டி செத்தப்ப அதுவா தெரிஞ்சிக்கிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஆமாம். கன்றின் விறைத்த காலைத் தொட்டுவிட்டு ஃபிளோரா இரண்டு கையையும் கவிழ்த்துக் காட்டினாள். சோற்றுப்பானை காலியானால் காட்டுகிற அதே சைகை. அம்மாவுக்கு அதைக் காட்டுவதா என்று ஜாய்ஸுக்கு மனசு வரவில்லை. இரண்டு நாள் செபித்துப் பார்த்தாள். வேறு வழி தோன்றவில்லை.

மூன்றாம் நாள் கல்லறையில், ஃபிளோராவின் மணிக்கட்டைத் தேய்த்தாள். அவள் இரண்டு கையையும் பிடித்து மெல்லக் கவிழ்த்தாள்.

ஃபிளோரா கையை உருவிக்கொண்டாள். பிறகு தானாகவே மணிக்கட்டைத் தேய்த்துக் கையைக் கவிழ்த்தாள். சிமெண்டில் முகத்தை வைத்து, இதுவரை யாரும் கேட்டிராத குரலில் அழுதாள். பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்தச் சாவுக்கு இந்த அழுகை என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஜாய்ஸ் அவள் முதுகைத் தொடப் போனாள். ஃபிளோரா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.