கரையில் விழுந்த பல்

அன்று தறிக்கொட்டகையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, நான். அம்மாவின் தம்பி இல்லை. மாமா வந்தவாசியில் இருந்தார். அவர் இருந்திருந்தால் அப்பாவுக்குக் கை நீண்டிருக்காது என்று அம்மா பிறகு பலமுறை சொன்னாள்.

எங்களுடையது கோர்வைத் தறி. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பதால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். உடலுக்கு அப்பா ஊடை நூல் ஓட்டும் நாடாவை வீசுவார், கரைக்கு அம்மா. கரை கோணினால் பழி அம்மாவுக்குத்தான்.

முந்தின நாளிலிருந்தே அப்பா சரியில்லை. ஓயாமல் கொட்டாவி விட்டார். சோற்றைத் தள்ளிவிட்டு வெல்லம் கேட்டார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைத் திட்டினார். காலையில் தறியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கையை நிறுத்தினார்.

"இன்னாடி போடற நீ? கரை பூரா பல்லு வுழுது."

கரை நேராகப் போகாமல் ரம்பம்போல் கோணுவதை எங்கள் வீட்டில் பல் விழுவது என்போம்.

அம்மா குனிந்து பார்த்தாள். "நேராத்தாங்க கீது. வெரல வச்சிப் பாருங்க."

"மின்னிகினு ஓடுது, எனக்குத் தெரிலியா?"

"உங்களுக்கு ஓடுது. எனக்கு நிக்குது."

அந்தக் கேலிக்கு நாடா பறந்தது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்த கட்டை அது. அம்மாவின் புருவம் பிளந்தது. ரத்தம் பட்டின்மேல் தெறித்தது. நான் அப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்துத் தள்ளிவிட்டுக் கத்தரியை எடுத்தார். "இத்தோட பல்லு ஒழியட்டும்" என்று தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைக் குறுக்கே அறுத்தார். இழுத்துக் கட்டிய இழைகள் கொத்துக்கொத்தாகத் தெறித்துச் சுருண்டன.

அவரைத் தரையில் சாய்த்து மேலே உட்கார்ந்தேன். அப்பா கண்களை இறுக மூடியிருந்தார். மூடியபடியே, "இன்னும் ஓடுதுடா, தோ, ஓடுது" என்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல் பட்டில் இல்லை.

பிறகு வலி வந்தது. வலது நெற்றிப்பொட்டைக் கையால் அழுத்திக்கொண்டு தறித்தூணில் தலையை மோதினார். வெல்லமும் தண்ணீருமாக வாந்தி எடுத்தார். கதவிடுக்கில் வந்த வெயிலைப் பார்த்து, "மூடுடா, மூடுடா" என்று அலறினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "காலையிலயேவா? எந்தக் கடைடா தொறந்து வச்சிருந்தான்?" என்றார். அப்பா குடிக்கவே மாட்டார்.

அம்மா தையல் போட்டுக்கொண்டு நேராக வந்தவாசி பஸ் ஏறிவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டாக்டரிடம் அப்பாவை அழைத்துப்போனேன்; அவர் சொன்ன ஒன்றையும் விடாமல் மனதில் ஏற்றிக்கொண்டேன். ஒற்றைத் தலைவலி வலியோடு ஆரம்பிப்பதில்லை. முதலில் கொட்டாவி, சிடுசிடுப்பு, இனிப்பு ஆசை. சிலருக்கு அடுத்துக் கண்ணில் மின்னும் ரம்பக்கோடு. கண்ணை மூடினாலும் போகாது. அதன் பிறகு பாதித் தலையில் இடி, வாந்தி. எல்லாம் அடங்கியும் ஆளைப் பிழிந்து போட்டதுபோல் ஒரு கிடப்பு.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அம்மா வராவிட்டால் கோர்வை இல்லை, வீடும் இல்லை. வாசலிலேயே நின்று எல்லாக் கட்டத்தையும் வரிசையாக விளக்கினேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கடைசிவரை கேட்டாள். தையல் போட்ட புருவம் கறுத்து வீங்கியிருந்தது.

"எல்லாம் சரிடா. நாடா எந்தக் கட்டத்துல வருது?"

அப்பாதான் பேசினார். "அதுல வரல. அது நான்."

"இத மொதல்ல சொல்லியிருந்தா புள்ள இவ்ளோ நேரம் பேசிகினு நிக்க வேணாமே" என்றாள் அம்மா. "வரேன். ஆனா உங்க பக்கத்துல ஒக்கார மாட்டேன்."

அம்மா வந்தாள். உட்காரவில்லை. இப்போது அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு, ஒருவரே நெய்யக்கூடிய ஒரு நிறப் புடவை நெய்கிறார். அதற்குக் கூலி குறைவு. அறுத்த பாவு, ரத்தம் பட்ட பட்டு, தையல், மருந்து, தறி நின்ற நாட்களின் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது நாற்பத்து மூவாயிரம் ரூபாய்.