காந்த அறைக்குள் போக இருந்த கத்தித் துண்டு

“எக்ஸ்ரே எடுக்க மூணு வருஷம் படிக்கணுமா? நிக்க வெச்சு, மூச்சப் புடின்னு சொல்லி, பட்டனத் தட்டுறதுதானே லா!”

நான் ரேடியோகிராபர் பயிற்சிக்குப் புறப்பட்டபோது எங்கள் ரப்பர் தோட்டத்து மாமா ஒருவர் சொன்னது இது. அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான்தான் — இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. மாமாவுக்கு என் பதில் இதுதான். போன மாதம் கோலாலம்பூரில் பார்த்ததை இன்று சொல்கிறேன். அவரும் இந்தப் பத்தியை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்!

சுமதி என்று ஒரு பெண். பெயரை மாற்றியிருக்கிறேன், அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கரங்கான் பக்கத்துத் தோட்டம். சிறுவயதிலிருந்தே வலிப்பு. எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஆசையாகச் சேர்ந்தாள். ஒருநாள் வேலை நேரத்தில் விழுந்துவிட்டாள். “குணமானதும் வா” என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரைக்கும் வலிப்பு அடங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்த சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்தில் காத்து, கருப்பு என்று பேச ஆரம்பித்தாகிவிட்டது.

“மிஸ்ஸி, எனக்குக் காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. திரும்ப வேலைக்குப் போணும், அவ்ளோதான்” என்பாள் என்னிடம். எங்கள் பக்கத்தில் வெள்ளை உடுப்பு போட்ட பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான்!

எங்கள் டாக்டர் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே எம்.ஆர்.ஐ. வந்திருக்கிறது! எக்ஸ்ரே கதிரே கிடையாது... பெரிய காந்தம், ரேடியோ அலை, கம்ப்யூட்டர். உடம்பில் இருக்கும் தண்ணீரைக்கொண்டே படம் பிடிக்கிறது. புத்தகத்தில் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்த ஆள் நான். சும்மா இருப்பேனா? லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு, சுமதியோடும் அவள் அம்மா ராஜம்மா அக்காவோடும் நானும் ரயில் ஏறினேன்.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் ஒரு சீனப் பெண் ரேடியோகிராபர் நின்றார். சுமதியின் தோடு, மூக்குத்தி, கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழன்றன. ஆஸ்பத்திரி கவுன் மாட்டியாயிற்று. “பெசி அடா?” என்று மலாயில் கேட்டார் — உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா?

“தாக் அடா” என்றாள் சுமதி. இல்லையாம். ராஜம்மா அக்காவும் பலமாகத் தலையாட்டினார்.

கதவைத் திறக்கப் போனார்கள். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது.

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்வார்கள்? “இரும்பக் குடு! சாவியக் குடு!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கையில் திணிப்பார்கள் — இல்லையா? வாசகர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். அடிக்கடி வலிப்பு வருகிறவர்களுக்கு இரும்பை உடம்போடு கட்டியே விடுவார்கள்.

“அக்கா, வலிப்புக்குன்னு இவளுக்கு ஏதாச்சும் கட்டியிருக்கீங்களா?”

ராஜம்மா அக்கா சுவரைப் பார்த்தார். சுமதியின் கை தானாக இடுப்புக்குப் போனது.

“அது நகை இல்லியே மிஸ்ஸி... சின்னப் புள்ளையில கட்டுனது.”

கவுனுக்குள்ளே கறுப்புக் கயிறு. அதில் ஒரு துணி முடிச்சு. அதற்குள் ரப்பர் மரம் சீவும் கத்தியின் உடைந்த முனை! அம்மாவே வேலை செய்த கத்தி. சீனப் பெண் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் காந்தத்தை வேலை முடிந்ததும் அணைத்து வைக்க முடியாது. எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டோடு உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வயிற்றுப் பக்கம் கிழித்திருக்கலாம், கயிற்றை அறுத்துக்கொண்டு முகத்துக்கே பாய்ந்திருக்கலாம்.

யாரைக் குறை சொல்வது? கேள்வியும் சரி, பதிலும் பொய்யில்லை. இரும்பு என்றால் அவர்களுக்கு நகை, ஆணி, சாமான். இது காவல்!

கத்தரிக்கோலோடு வந்த நர்ஸை ராஜம்மா அக்கா மறித்துக்கொண்டார். “அவுத்தா உள்ளாரயே வலிப்பு வந்துரும் மிஸ்ஸி! அந்தப் பொந்துக்குள்ள தனியாக் கெடப்பாளே... எம்புள்ளைய யாரு புடிப்பா?”

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது?

“அக்கா, அவ கையில மணி மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, அமுக்குனா ஓடுவோம். கண்ணாடி வழியா நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம்... அந்த மெஷினே காந்தம்க்கா. இரும்பையே புடிச்சு இழுக்கிற சாமான். அதுதான் அவளச் சுத்தி நிக்கப் போவுது.”

“இத விடப் பெருசா?”

“லோரி மாதிரி இருக்கும்க்கா.”

அக்காவே முடிச்சை அவிழ்த்து, தன் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டார். “அப்ப நான் இதோட வெளிய ஒக்காந்துக்கிறேன்.”

உள்ளே தகரத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். “மெஷினு அவள அடிக்குதா?” என்று அக்கா எட்டி எட்டிப் பார்த்தார். எனக்கோ திரையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ஐயோ, என்ன படங்கள்! மூளை பக்கவாட்டில், முன்னாலிருந்து, மேலிருந்து... கத்தி படாமல் திறந்து காட்டுகிறது! ஆளைத் திருப்பவே இல்லை. படம் மட்டும் திரும்புகிறது. சி.டி.யில் மண்டை எலும்பு மங்கலாக்கும் இடங்கள்கூட இங்கே பளிச்சென்று தெரிந்தன.

அப்படி ஓர் இடத்தில்தான் இருந்தது. நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, ஆழத்தில், ஒரு சிறு வெள்ளைப் புள்ளி.

அங்கிருந்த டாக்டர் நிதானமாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். வலிப்பு இங்கிருந்துதான் கிளம்பவேண்டும். வளர்ந்து பரவுகிற ஜாதியாகத் தெரியவில்லை. எடுத்துவிட முடியும். நின்றுவிடும் என்று சத்தியம் செய்ய முடியாது... ஆனால் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

சுமதி அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். “இத்துனூண்டா? இதுக்கா இவ்ளோ பேரு பேசுனாங்க!”

ராஜம்மா அக்கா அழுதார். பயத்தில் அல்ல. இத்தனை வருஷமாகப் பேர் தெரியாத ஒன்றோடு சண்டை போட்டவர். இப்போது அது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் எங்கள் பிரிவின் தலைவரிடம் போனேன். இந்த மெஷினைக் கற்றுக்கொள்ள ஒருவரை அனுப்பலாம் என்று முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குடும்பம், பிள்ளை, தூரம் என்று ஆளாளுக்குத் தயங்கிக்கொண்டிருந்தார்கள். “நான் போறேன் சார்” என்றேன். நம் ஜனங்களிடம் எதை எப்படிக் கேட்கவேண்டும் என்று தெரிந்த ஒருத்தி அந்தக் கதவுப் பக்கம் நிற்கவேண்டாமா?

இந்த வாரம் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ளட்டும். எதிர் இருக்கையில் சுமதி, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்; அவளுக்குக் கோலாலம்பூரில் ஆபரேஷன். எனக்கும் அங்கேதான், திங்கட்கிழமையிலிருந்து எம்.ஆர்.ஐ. வகுப்பு.

ரயில் இப்போதுதான் ஈப்போவைத் தாண்டுகிறது.